நாக்கும் மூக்கும்: செடி தெரியுதுங்களா?

குன்னூரிலும் கோவையிலும் 31 வருடம் தேயிலை ருசி பார்த்தது என் தொழில். இப்போது ஓய்வு, நெகமம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். போன இதழில் தேயிலையின் துவர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓக் மரப் பீப்பாயில் கிடந்த டெகிலாவிலும் (மெக்ஸிகோவில் கற்றாழையிலிருந்து காய்ச்சும் மது) அந்தத் துவர்ப்புக்குப் பங்காளி ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பின்னலாடை கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் பார்க்க வந்த அமெரிக்க பையர், கிளம்பும்போது ‘கசாடோரஸ் அன்யேஹோ’ என்று ஒரு டெகிலா பாட்டிலைக் கையில் கொடுத்தார். 35 டாலர்தான், ஆனால் மெதுவாக ருசித்துப் பார் என்றார். டெகிலா என்றால் கையில் உப்பு, வாயில் எலுமிச்சை, ஒரே மடக்கு என்றுதான் எனக்குத் தெரியும். வீட்டில் வைத்து இதை எப்படி ருசி பார்ப்பதுங்க?
– வாசகர், திருப்பூர்

அதே பாட்டில் போன தை மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. டாலஸில் இருக்கும் மாப்பிள்ளை கொண்டுவந்தார். “விலை சாஸ்தி இல்லீங்க மாமா. ஆனா நீங்க மோந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லோணும்” என்றார். நம் பணத்துக்கு 3,000 ரூபாய் கணக்கு. 31 வருடம் பிழைப்புக்காக ருசி பார்த்தவனிடம் பிரியமாக ஒருவர் அப்படிக் கேட்டால் மனசு நிறைந்துவிடும்.

கசாடோரஸ் என்றால் ஸ்பானிய மொழியில் வேட்டைக்காரர்கள். லேபிளில் கொம்பு விரித்த மான் நிற்கும். மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், அராந்தாஸ் என்ற மேட்டு நிலத்து ஊரில் காய்ச்சுகிறார்கள். குன்னூரைவிடச் சற்று உயரமான ஊர், மண் செம்மண். அன்யேஹோ என்றால் நாள்பட்டது. ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். இரண்டு மாதம் தாண்டினால் ரெபோசாதோ, அதற்கும் கீழே என்றால் ப்ளாங்கோ. மூன்று வருடம் தாண்டியதற்கு 2006-ல் ‘எக்ஸ்ட்ரா அன்யேஹோ’ என்று தனி வகுப்பே வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் எனக்குச் சரியாக வரவில்லை. பொழுதோட ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தோம். கொசுவுக்காக மச்சான் தென்னம் பன்னாடையைப் பற்றவைத்து மூலையில் வைத்திருந்தார். அகலமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி மோந்தால், முதலில் சாராயக் காட்டம், அதற்கு மேல் புகை. மாப்பிள்ளை அந்தப் புகை டெகிலாவினுடையது என்றே நினைத்துக்கொண்டார். புகை வாசம் மெஸ்கால் என்ற இன்னொரு கற்றாழை மதுவில்தான் வரும். கற்றாழைக் கிழங்கை மண் குழிக்குள் விறகு போட்டுச் சுடுவார்கள். டெகிலாவுக்குக் கிழங்கை ஆவியில் வேகவைப்பதால் புகை ஏற வழியில்லை. பன்னாடையின் வாசம் என்று தெரிந்ததும் பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். நாலு காசு கொடுத்து வாங்கியதைப் புகைக்குக் கொடுக்கக் கூடாது.

மறுநாள் ராத்திரிச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் முந்தி, மூவரும் உள்ளறையில் உட்கார்ந்தோம். ஊதுபத்தி இல்லை, மல்லிகைச் சரம் இல்லை, யாரும் சென்ட் போடவில்லை. ருசி பார்க்கும் அறைக்குள் எங்கள் தொழிலில் யாரும் வாசனை பூசிக்கொண்டு வரமாட்டோம். காபியும் வெத்தலைபாக்கும் மத்தியானத்தோடு நிறுத்தியாயிற்று. அலமாரியில் இருந்த சின்ன ஒயின் கிளாஸ்களை எடுத்தேன். உங்களிடம் அது இல்லையென்றால், சொம்பு மாதிரி வயிறு பெருத்து வாய் குறுகிய எந்தக் கண்ணாடிப் பாத்திரமும் போதும். வாசனை வயிற்றில் சேர்ந்து, வாய் வழியாக ஒழுங்காக ஏறும். அகல டம்ளரில் அது பறந்துவிடும். ஷாட் கிளாஸில் சேர இடமே இருக்காது.

ஆளுக்கு 30 மில்லி. அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஐஸ் போடாதீர்கள். குளிர் பட்டால் வாசனை சுருங்கிப் படுத்துக்கொள்ளும். ஊற்றியதும் கிளாஸைக் கையில் எடுக்காமல் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். பாட்டிலுக்குள் அடைபட்டிருந்த காட்டம் மேலே வந்து போகட்டும். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்க முடியாமல்தான் பலபேர் டெகிலா என்றால் எரிச்சல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மோப்பம் பிடிக்கும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். ஒரு சாண் தள்ளி வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மூச்சை இழுங்கள். வாய் திறந்திருந்தால் மூக்கு எரியாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவாருங்கள். தூரத்தில் ஒரு வாசம் வரும், கிட்டே வேறொன்று வரும், கிளாஸை லேசாகச் சாய்த்தால் மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று. அவசரமில்லாமல் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மா குடிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டிலேயே நல்ல மூக்கு அவளுடையது. பிறந்த ஊர் கவுந்தப்பாடி. கிளாஸை வாங்கி இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது ஆலையில பாகு எறக்கற வாசமில்லீங்களா?” என்றாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதேதான். கரும்புச் சாறு சட்டியில் கொதித்துப் பாகாகும் நேரம் ஒரு பழுப்பு இனிப்பு காற்றில் வருமே, அதற்கு அக்கா தங்கை முறை. கற்றாழைக் கிழங்கில் இருப்பது இனுலின் வகை மாவு. அது வேகும்போது உடைந்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை சூட்டில் கருகத் தொடங்கும் வாசம் காய்ச்சி வடித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கைப் பிட்டவுடன் ஆவியில் வரும் வாசம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அது இன்னும் நெருக்கம்.

இனி வாய்க்கு. தேயிலையை நாங்கள் சத்தமாக உறிஞ்சி, காற்றோடு நாக்கு முழுவதும் தெளித்துத் துப்புவோம். 40 சதவீத மதுவுக்கு அது ஆகாது, தொண்டையில் ஏறிவிடும். முதல் முறை நாலைந்து சொட்டு மட்டும் எடுத்து நாக்கில் பரப்புங்கள். இது ருசிக்கு இல்லை, நாக்கைப் பழக்குவதற்கு. ஒரு நிமிடம் விட்டு, கால் ஸ்பூன் அளவு எடுத்து, பத்து எண்ணும் வரை வாயில் வைத்து முழுங்கிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ருசியில் பாதி அந்த மூச்சில்தான் வரும். இடையில் பச்சைத் தண்ணீரும் உப்பு காரம் இல்லாத வெறும் பொரியும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் உப்பும் இதற்கு வேண்டாம். இரண்டும் நாக்கை மூடிவிடும்.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். முதலில் பாகும் சுட்ட கிழங்கும். அதன் பின்னாடியே வெனிலா, லேசாகப் பட்டை. நடு நாக்கில் மிளகு, காரமாக இல்லாமல் வாசமாக. மூச்சு விடும்போது காங்கயம் உலர்களத்தில் கொப்பரை காயும் வாசம். கடைசியில் துவர்ப்பு. இந்த இடத்தில் என் தொழில் உதவியது: அது அதிக நேரம் ஊறிய டீயின் துவர்ப்பைப் போலக் கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்தது. செடியில் அது இல்லை, மரத்திலிருந்து வந்தது.

குன்னூரில் என்னைப் பழக்கிய பெரியவர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இலை தெரியுதா?” வறுப்புச் சூடு அதிகமானால் கோப்பை பளபளவென்று இருக்கும், வாசம் தூக்கும், ஆனால் இலை செத்திருக்கும். நாள்பட்ட டெகிலாவிலும் நான் அதையே கேட்கிறேன். செடி தெரியுதா? மரமும் வெனிலாவும் மட்டும் தெரிந்தால், அது விஸ்கியின் சட்டையைப் போட்டுக்கொண்ட டெகிலா. இந்தப் பாட்டிலில் முதல் பத்து நிமிடம் செடி நன்றாகத் தெரிந்தது. அரை மணி நேரம் போனதும் மரம் முன்னால் வந்து நின்றது. 35 டாலருக்கு இது நேர்மையான சரக்கு. பீப்பாய் சற்றுக் கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் என் குறை. எனக்கென்று வாங்கினால் இதே கம்பெனியின் ரெபோசாதோவை வாங்குவேன். மரம் செடிக்கு என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் அன்யேஹோதான் சரி.

முடிந்தால் அதே கம்பெனியின் ப்ளாங்கோவில் சின்ன 50 மில்லி பாட்டில் ஒன்றை அடுத்து வரும் யாரிடமாவது சொல்லி வாங்கி வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து மோந்தால் நான் எழுதிய இத்தனையும் ஒரு நிமிடத்தில் புரியும்.

டெகிலா பாட்டிலில் புழு கிடக்குமாமே, உண்மையா?
– வாசகர், கரூர்

இல்லைங்க. சில மெஸ்கால் பாட்டில்களில் போடுகிறார்கள். டெகிலாவில் கிடையாது.

விஸ்கி 12 வருடம், 18 வருடம் என்கிறார்கள். டெகிலாவை ஒரே வருடம் வைத்துவிட்டு ‘நாள்பட்டது’ என்று சொல்வது ஏமாற்று இல்லையா?
– வாசகர், ஈரோடு

ஏமாற்று இல்லை. செடிக்காரனின் கணக்கு வேறு, தானியக்காரனின் கணக்கு வேறு. பார்லியை ஆறு மாதத்துக்குள் விதைத்து அறுத்துவிடலாம். நீலக் கற்றாழை முற்ற ஆறு ஏழு வருடம் ஆகும். வாசனையில் பெரும்பங்கு அந்த ஆறேழு வருடத்தில் மண்ணிலேயே சேர்ந்துவிடுகிறது. பீப்பாயில் நாள் கூடக் கூட அதைச் சம்பாதிப்பதைவிட இழப்பதுதான் அதிகம்.

அப்புறம் வெயில். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாய்க்குள் இருப்பது வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். ஹலிஸ்கோவின் காய்ந்த காற்றில் அதைவிட அதிகம் போகும். மரச்சாறும் வேகமாக இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நம் ஊரில் துணி காயும் வேகத்தையும் ஊட்டியில் காயும் வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். அன்யேஹோவுக்கு 600 லிட்டருக்கு மேற்பட்ட பீப்பாய் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதும் இதனால்தான். பாத்திரம் சிறிதாக இருந்தால்தான் மரம் மதுவின் மேல் நன்றாகப் படும். நடைமுறையில் பெரும்பாலும் 200 லிட்டர் பீப்பாய்களைத்தான் பார்ப்பீர்கள். அமெரிக்காவில் பர்பன் விஸ்கியைக் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று விதி; ஒரு தடவை வைத்த பீப்பாய் அவர்களுக்கு அதே வேலைக்கு ஆகாது. அது எல்லை தாண்டி மெக்ஸிகோவுக்கு வருகிறது.

அந்த அமெரிக்க ஓக் மரத்தில் ‘ஓக் லாக்டோன்’ என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் வாசமே தேங்காய் வாசம்தான். நான் கொப்பரை என்று சொன்னது உவமைக்காக இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது உடனே பிடிபடும். வெளிநாட்டு ருசிகர்களுக்கு முன்னால் நமக்கு இது ஒரு கைமுதல்.

எங்கள் தோட்டத்து வேலியில் ரயில் கற்றாழை நிறைய இருக்கிறது. டெகிலா அதில்தான் எடுப்பது என்று தாவரவியல் வகுப்பில் சொன்னார்கள். நம் ஊரிலேயே எடுக்க முடியாதா?
– முதுநிலை மாணவர், உடுமலைப்பேட்டை

ஒரே குடும்பம், வேறு ஆள். டெகிலாவுக்கு ஒரே ஒரு வகைக்குத்தான் அனுமதி. ‘அகாவே டெகிலானா’ என்ற நீலக் கற்றாழை, வெபர் என்ற பிரெஞ்சு தாவரவியலாளரின் பெயரையும் சேர்த்து வெபர் நீலம் என்பார்கள். நம் வேலிகளில் நிற்பது பெரும்பாலும் ‘அகாவே அமெரிக்கானா’வும் நாருக்காகக் கொண்டுவந்த சிசல் கற்றாழையும். இரண்டும் பூர்வீகத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். முகத்துக்குத் தடவும் சோற்றுக் கற்றாழைக்கு நம் மொழியில்தான் உறவு. அது வேறு குடும்பம். இதை எழுதக் காரணம் உண்டு. ரயில் கற்றாழைச் சாறு பட்டால் தோல் அரித்துத் தடித்துவிடும். சோற்றுக் கற்றாழை என்று நினைத்துத் தடவிக்கொண்டு வந்த பிள்ளையை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

வேலிக் கற்றாழை பல வருடம் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு நாள் தென்னங்கன்று உயரத்துக்கு மேல் பூத்தண்டு விட்டு, பூத்து முடித்ததும் செத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். மூங்கிலும் அப்படித்தான். சேர்த்து வைத்த சர்க்கரை முழுவதையும் அந்த ஒரு பூவுக்குக் கொடுத்துவிடும். மெக்ஸிகோவில் அந்தத் தண்டு கிளம்பும்போதே வெட்டிவிடுகிறார்கள். சர்க்கரை அடியிலேயே தங்கும். பிறகு ‘ஹிமடோர்’ என்கிற அறுவடைக்காரர் நீளக் கைப்பிடியில் வட்டத் தகடு பொருத்திய ‘கோவா’ என்ற கருவியால் மடல்களைச் சீவி எடுப்பார். மிஞ்சுவது அன்னாசிப் பழம் போல ஓர் உருண்டை, 30 கிலோவிலிருந்து 70 கிலோ வரை இருக்கும். தென்னை ஏறுபவர் கத்தி பிடிப்பதைப் போலவே, கோவா பிடிக்கும் கை தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. வேகவைத்த உருண்டையைப் பழைய முறையில் அரைப்பதற்கு ‘தஹோனா’ என்று ஒரு பெரிய கல் சக்கரம். மாடு கட்டி வட்டமாக இழுத்தார்கள். நம் செக்கைப் பார்த்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

எடுக்க முடியுமா என்றால், டெகிலா என்ற பெயரில் முடியாது. 1974-ல் மெக்ஸிகோ அந்தப் பெயருக்கு எல்லை போட்டுவிட்டது. ஹலிஸ்கோ முழுவதும், இன்னும் நாலு மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளும் மட்டும்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே நியாயம்தான். அடுத்தவர் மஞ்சளுக்கு நம் பெயரைப் போட்டால் நமக்குக் கோபம் வராதா? ஆனால் கற்றாழை மது என்ற பெயரில் இந்தியாவிலேயே செய்கிறார்கள். தக்காணத்துக் கற்றாழையிலிருந்து ‘டெஸ்மண்ட்ஜி’ என்ற பெயரில் ஆந்திரத்தில் காய்ச்சி விற்பது பத்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. வறண்ட காட்டில் தண்ணீர் கேட்காமல் நிற்கும் செடி. உங்கள் படிப்புக்கு நல்ல விஷயம், ஆராய்ந்து பாருங்கள்.

ஆனால் வீட்டில் காய்ச்சிப் பார்க்கும் எண்ணம் ஒரு துளி இருந்தாலும் விட்டுவிடுங்கள் கண்ணு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்தார்கள். எது எத்தனால், எது மெத்தனால் என்று நாக்கு சொல்லாது. என் நாக்கும் சொல்லாது.

துபாயிலிருந்து அண்ணன் மகன் ‘கோல்ட்’ டெகிலா கொண்டுவந்தான். நல்ல தங்க நிறம். அப்படியானால் அதுவும் நாள்பட்டதுதானே?
– வாசகர், நாமக்கல்

நிறத்தை நம்பாதீர்கள். டீத்தூளில் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் ஈர வடிதாளில் ஒரு சிட்டிகை தூவினால் போதும், சாயம் உடனே ஊறிக் காட்டிக்கொடுக்கும். எத்தனை மாதிரிகளை அப்படித் தள்ளியிருக்கிறேன் என்று கணக்கில்லை. மதுவில் நிறம் போடுவது இன்னும் சுலபம். ‘கோல்ட்’ என்று எழுதியவை பெரும்பாலும் காரமல் நிறம் சேர்த்த இளசு டெகிலாக்கள்தான்.

லேபிளில் ‘100% டி அகாவே’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதில் கற்றாழைச் சர்க்கரை 51 சதவீதம் இருந்தால் போதும் என்பது விதி. மீதி கரும்புச் சர்க்கரையாகக்கூட இருக்கலாம். அடுத்து ‘நோம்’ என்ற எழுத்துகளும் நாலு இலக்க எண்ணும் இருக்கும். அது காய்ச்சிய ஆலையின் அடையாளம். என்னிடம் இருந்த பாட்டிலில் 1487. ஒரே எண்ணில் நாலைந்து பெயர்களில் பாட்டில்கள் வரும். எந்தச் சரக்கு எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று அந்த எண்தான் சொல்லும்.

100 சதவீதம் என்று இருந்தாலும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நாலையும் மொத்தம் 1 சதவீதத்துக்குள், ப்ளாங்கோ தவிர மற்ற வகைகளில் சேர்க்க அங்கே அனுமதி உண்டு. லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. 1 சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. கிளிசரினும் ஓக் சாறும் அந்த அளவிலேயே வாயை ஏமாற்றிவிடும். இதற்கு நான் செய்வது இரண்டு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். சாராயம் பறந்ததும் கை காய்ந்து கற்றாழை வாசம் நிற்க வேண்டும். பிசுக்கென்று ஒட்டி, கேக் கடை எசன்ஸ் வாசம் மட்டும் வந்தால் சந்தேகம்தான். இன்னொன்று, காலியான கிளாஸைக் கழுவாமல் ராத்திரி முழுவதும் வைத்து வெடியால எடுத்து மோந்து பார்ப்பது. நல்லதாக இருந்தால் மரமும் கிழங்கும் லேசாக மிச்சம் இருக்கும். இது ஆய்வகச் சோதனை இல்லை, ஒரு மூக்கின் கணிப்பு. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியை விரும்பிப் படிப்பவள் நான். குடியால் என் வீட்டில் ஓர் உயிர் போயிருக்கிறது. குடும்பம் படிக்கும் பத்திரிகையில் சரக்கை ருசி பார்க்கச் சொல்லிக் கொடுப்பது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

அம்மா, உங்கள் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

என் தம்பி 44 வயதில் போனான், கல்லீரல் கெட்டு. கடைசி இரண்டு மாதம் கோவை ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நான்தான் படுத்திருந்தேன். அவன் குடித்த எதையும் ஒரு நாளும் ருசித்ததில்லை. கடை வாசலில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அவனுடைய பிள்ளைகளை வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. அதனால் நீங்கள் கேட்டது எனக்குப் புதிதான கேள்வி இல்லை.

குடிக்காதவர் யாரும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நான் சொன்ன அந்த 30 மில்லியிலும் ஒன்பது கிராமுக்கு மேல் சுத்தச் சாராயம் இருக்கிறது. 21 வயது ஆகாதவர், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுபவர், வண்டி ஓட்டப்போகிறவர், ஒரு தடவை தொட்டால் நிறுத்த முடியாது என்று தன்னைத் தெரிந்தவர் – இவர்களுக்கு 5 மில்லிகூட வேண்டாம்.

அப்படியும் ஏன் எழுதினேன் என்றால், பாட்டில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பையர் கொடுக்கிறார், மாப்பிள்ளை கொண்டுவருகிறார். திருப்பூர்த் தம்பிக்கு நான் பதில் எழுதாவிட்டால் அவர் அதை உப்போடு ஆறு மடக்கில் முடித்துவிடுவார். பத்து நிமிடம் காத்திருந்து, மோந்து, கால் ஸ்பூன் எடுப்பவர் இரண்டாவது ஊற்றுக்குப் போவது குறைவு என்பது நான் பார்த்தது. என் தம்பிக்கு அது உதவியிருக்குமா? இருக்காது. அவனுக்கு வைத்தியம் தேவைப்பட்டது, நாங்கள் அதை நேரத்தோடு செய்யவில்லை. உங்களுக்கு இந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைச் சுருக்காமல் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த இதழில் வரும்.

சாயப்பட்டறையில் வேலை. நீங்கள் போன முறை தேயிலைக்குச் சொன்ன மாதிரி எல்லாம் செய்து பார்த்தேன். டெகிலாவையும் மோந்து பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒரே வாசம். என் மூக்கு கெட்டுவிட்டதா?
– வாசகர், பெருந்துறை

கெட்டிருக்காது, களைத்திருக்கும். நாள் முழுவதும் சாயமும் அசிட்டிக் ஆசிடும் ஏறும் மூக்கை ஷிப்ட் முடிந்த கையோடு வேலைக்கு விடாதீர்கள். வார லீவு நாளில், குளித்து, இட்லி தின்று ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மதுவே வேண்டாம், மூக்குக்கு மட்டும் பாடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் முப்பது கோப்பையும் ஒரே டீயாகத்தான் இருந்தது. எங்கள் பெரியவர் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, மூடி போட்ட நாலு சின்னப் பாட்டில்களைக் கொடுத்தார். ஒன்றில் காய்ந்த புல், ஒன்றில் தேன், ஒன்றில் மரத்தூள், ஒன்றில் பழைய சாக்குத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, எது என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் அதுதான் வேலை. அப்புறம் கோப்பைக்குத் திரும்பியபோது மூக்கு தேடவேண்டியதைத் தெரிந்துகொண்டு தேடியது. பெயர் தெரியாத வாசத்தை மூக்கு பிடித்தாலும் மனசு விட்டுவிடும்.

நீங்கள் நாட்டுச் சர்க்கரை, சுட்ட சக்கரவள்ளித் தோல், நுணுக்கிய மிளகு, கொப்பரைச் சில்லு என்று நாலு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு வாரம் ஆன பிறகு டெகிலாவை ஊற்றி, நாலையும் பக்கத்தில் வைத்து, அதை ஒரு மோப்பம், இதை ஒரு மோப்பம் என்று பாருங்கள். கொப்பரையில் தொடங்குங்கள், நாலில் அதுதான் நம் மூக்குக்குச் சுலபம். பிடிபட்டதும் ஒரு கார்டு போடுங்கள்.